விடியலுக்கு முன் வரும் காற்று

பந்திங்கிலிருந்து மேற்கே போனால், தட்டையான செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு மலை தனியாக எழும்பி நிற்பதைப் பார்க்கலாம். அதுதான் ஜுக்ரா மலை. கேமரன் மலைக்குப் போய்வந்தவர்கள் இதைக் குன்று என்றுதான் சொல்வார்கள். ஆனால் கடலிலிருந்து வருகிறவர்களுக்கு இந்தத் தாழ்ந்த கரையில் முதலில் கண்ணில் படும் உயரம் இதுதான். போர்த்துக்கீசிய மாலுமிகள் இதற்குப் பார்செலார் என்று பெயரிட்டு வரைபடங்களில் குறித்துக்கொண்டார்கள். சுமத்ரா பக்கத்து அருவா தீவுகளை விட்டுக் கிளம்பும் கப்பல், நீரிணையின் நடுவிலுள்ள மணல் திட்டுகளுக்கிடையே கயிறு விட்டு ஆழம் பார்த்தபடி நகரும். பார்செலார் தெரிந்த பிறகுதான் மாலுமிகளுக்கு நிம்மதி. உச்சியில் இப்போதும் ஒரு கலங்கரை விளக்கம் இருக்கிறது.

அந்த மணல் திட்டுகள் இன்னும் அங்கேயேதான் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றுக்கு மலாய் மொழியில் பெர்மாத்தாங் செடெப்பா என்று பெயர். நம் மீனவர்களின் கணக்கில் ஒரு பாக ஆழத் திட்டு. அதாவது இரு கைகளையும் விரித்தால் வரும் அளவு, சுமார் 1.8 மீட்டர். மிகப் பெரிய எண்ணெய்க் கப்பல்கள் போகும் வழிக்குப் பக்கத்திலேயே இப்படி ஓர் ஆழமற்ற இடம். 1907-இல் காங்கிரீட் தூண்களின்மேல் கட்டிய பழைய விளக்குக் கோபுரமும் அங்கேதான் கடலுக்கு நடுவில் நிற்கிறது.

மோரிப், பத்து லாவுட், தஞ்சோங் செப்பாட், கேரித் தீவு என்று பந்திங்கைச் சுற்றியுள்ள கரையிலிருந்து சிறு படகில் கடலுக்குப் போகிறவர்களை மனத்தில் வைத்துத்தான் இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன். பிழைப்புக்காக வலை வீசுகிறவர்களும், சனி ஞாயிறுகளில் தூண்டிலோடு போகிறவர்களும் இவர்களில் உண்டு. கடல் பாதுகாப்பு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது புயல். இந்தக் கரையில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் புயலல்ல. ஒரு மணி நேரமே வீசும் காற்றும், ஆறு மணி நேரத்தில் நான்கு மீட்டர் வடிந்துவிடும் தண்ணீரும் ஒரே வேளையில் வந்து சேர்வதுதான் இங்குள்ள ஆபத்து.

நம் முன்னோர் வந்த கடலோடு ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். 1926-இல் கட்டப்பட்ட ரஜுலா கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடியது. அந்தப் போர்ட் ஸ்வெட்டன்ஹாம்தான் இன்றைய கிள்ளான் துறைமுகம். ரஜுலாவில் வந்தவர்கள் வங்கக் கடலின் ஐப்பசி, கார்த்திகைக் கொந்தளிப்பைக் கடந்து வந்தார்கள். வங்கக் கடல் புயல் பல நாள் வளர்ந்து, பல நாள் நகர்ந்து கரைக்கு வரும். நாகப்பட்டினத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய பிறகும் படகுகளைக் கரையேற்றவும் வலைகளைச் சுருட்டவும் நேரம் இருக்கும். மலாக்கா நீரிணையில் அப்படிக் கூண்டு ஏற்றுவதற்கான அவகாசமே கிடையாது.

புயல் ஏன் இங்கே அரிது? சுழல்வதற்குப் பூமியின் சுழற்சி கைகொடுக்க வேண்டும். அந்த விசை துருவத்தில் முழுமையாக இருக்கும், நிலநடுக்கோட்டில் பூஜ்யம். பந்திங் ஏறக்குறைய 2.8 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது. இங்கே அந்த விசை துருவத்தில் உள்ளதில் இருபதில் ஒரு பங்கு. காற்று தாழ்வழுத்தத்தை நோக்கி நேராகப் பாய்ந்து அந்தப் பள்ளத்தை நிரப்பிவிடுகிறது. சுற்றிச் சுழன்று வலுக்க இடமில்லை. இதற்கு விதிவிலக்கே இல்லை என்று சொல்ல முடியாது. 2001 டிசம்பர் 27 அன்று வாமெய் புயல் 1.4 பாகை அளவிலேயே உருவாகி ஜொகூரின் தென்கிழக்கில் கரையேறியது. 2025 நவம்பர் இறுதியில் சென்யார் புயல் மலாக்கா நீரிணைக்குள்ளேயே உருவாகி, சுமத்ராவில் பேரழிவை விதைத்து, பிறகு கிழக்கே திரும்பித் தீபகற்பத்தை நோக்கி வந்தது. இந்த இரண்டையும் மறக்கக் கூடாது. ஆனால் ஆண்டுதோறும், பல முறை, எந்த விதிவிலக்கும் இல்லாமல் வருவது வேறொன்று.

அதைக் கடலோடிகள் 'சுமத்ரா' என்றே சொல்வார்கள். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை வரும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மிகுதி. கிள்ளான் பள்ளத்தாக்கில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோருக்கு இது தெரிந்த காற்றுதான். விடியற்காலை ஐந்து, ஆறு மணிக்குச் சன்னல் கதவுகள் படாரென்று அடிக்கும். அடுத்த நிமிடம் மழை கொட்டும். எட்டு, ஒன்பது மணிக்கு வானம் தெளிந்துவிடும். வீட்டுக்குள் இருப்பவருக்கு அது போக்குவரத்து நெரிசல். முதல் நாள் மாலையே மோரிப்பிலிருந்து கிளம்பிக் கடலில் இரவைக் கழித்தவருக்கு அது வேறு.

சுமத்ரா பிறக்கும் விதத்தைப் புரிந்துகொண்டால், அது ஏன் அந்த நேரத்தில் வருகிறது என்பதும் விளங்கும். பகலில் சூடேறிய நிலம் இரவில் விரைவாகக் குளிரும். கடல் அவ்வளவு எளிதில் குளிராது. சுமத்ராவின் புக்கிட் பாரிசான் மலைத்தொடரிலிருந்து குளிர்ந்த காற்று கிழக்கே இறங்கி வரும். தீபகற்பத்திலிருந்து நிலக்காற்று மேற்கே போகும். இரண்டும் வெதுவெதுப்பான நீரிணையின்மேல் சந்திக்கின்றன. ஈரமான கடற்காற்றுக்கு மேலே போவதைத் தவிர வழியில்லை. நள்ளிரவுக்குப் பிறகு இடிமேகங்கள் வரிசைகட்டி எழும். அந்த வரிசை நூறு, இருநூறு கிலோமீட்டர் நீளம்கூட இருக்கும். மேலே வீசும் தென்மேற்குக் காற்று அந்த வரிசை முழுவதையும் கிழக்கே தள்ளிக்கொண்டு வரும்.

மேகத்திலிருந்து விழும் மழையில் ஒரு பகுதி வழியிலேயே ஆவியாகிறது. அந்த ஆவியாதலுக்கு வேண்டிய வெப்பத்தைச் சுற்றியுள்ள காற்றிலிருந்து எடுத்துக்கொள்வதால் காற்று குளிர்ந்து கனக்கிறது. கனத்த காற்று கீழே விழுகிறது. கடல்மட்டத்தைத் தொட்டதும், தோசைக்கல்லில் ஊற்றிய மாவு போல நாலாபக்கமும் பரவுகிறது. பரவும் குளிர்காற்றின் முன்விளிம்புதான் நம்மை முதலில் அடிப்பது. மழை அதற்குப் பின்னால்தான் வரும். எனவே மழை தொடங்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பவர் காற்றைப் பார்க்கும்போது காலம் கடந்திருக்கும். சூறைக்காற்றின் வேகம் மணிக்கு 40-லிருந்து 80 கிலோமீட்டர் வரை போகும். காற்றின் விசை அதன் வேகத்தின் இருமடிப்படி வளரும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 20 கிலோமீட்டர் காற்று 60 ஆகும்போது படகின்மேல் விழும் தள்ளுவிசை மூன்று மடங்காகாது, ஒன்பது மடங்காகும்.

கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள் உண்டு. பகல் வெளிச்சத்தில் மேற்கு வானத்தில் கருத்த வளைவு ஒன்று, வில்லை வளைத்துக் கிடத்தியதுபோல், அடிவானத்திலிருந்து எழும்பி வரும். அதன் கீழ்விளிம்பு கூர்மையாக இருக்கும். அதற்குக் கீழே வானம் வெளிறிச் சாம்பல் நிறத்தில் தெரியும். இரவில் வளைவு தெரியாது. மேற்கே விடாமல் துடிக்கும் மின்னல்தான் தெரியும். அதுவரை மெல்ல வீசிக்கொண்டிருந்த காற்று நின்றுவிடும். புழுக்கம் தாங்காது. பிறகு முகத்தில் சட்டென்று ஒரு குளிர்.

இப்போது கணக்குப் போடுவோம். மேகவரிசை மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் கரையிலிருந்து 15 கிலோமீட்டர் தள்ளி நங்கூரம் போட்டிருக்கிறீர்கள். உங்கள் படகு 8 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 15 கிலோமீட்டர் போகும். வளைவு உங்களுக்கு 20 கிலோமீட்டர் மேற்கே இருக்கும்போதே பார்த்துவிட்டீர்கள். உடனே நங்கூரத்தை இழுத்துக்கொண்டு ஓடுகிறீர்கள். கரை சேர ஒரு மணி நேரம் வேண்டும். காற்றோ 40 நிமிடத்தில் உங்களைப் பிடித்துவிடும். அப்போது நீங்கள் கரைக்கு இன்னும் ஐந்து கிலோமீட்டர் தொலைவில், தண்ணீர் மிகக் குறைவான இடத்தில் இருப்பீர்கள். கண்ணால் பார்த்த பிறகு ஓடிப் பிழைப்பது என்பது இந்தக் கடலில் பெரும்பாலும் நடக்காத காரியம். முடிவு எடுக்க வேண்டிய இடம் ஜெட்டி. நேரம் முந்தைய மாலை.

நீரிணை குறுகலானது, தஞ்சோங் துவானுக்கும் எதிரே உள்ள ரூப்பாட் தீவுக்கும் நடுவே 40 கிலோமீட்டர்கூட இல்லை. ஆகையால் காற்று பெரிய அலைகளை எழுப்பப் போதிய பரப்பும் கிடையாது, நேரமும் கிடையாது. இதைக் கேட்டு மனம் ஆறிவிடக் கூடாது. திறந்த கடலின் அலைகள் உயரமாக இருந்தாலும் அவற்றுக்கிடையே இடைவெளி அதிகம். படகு ஏறி இறங்கிவிடும். இங்கே எழும் அலை ஒரு மீட்டரைச் சற்றே தாண்டியிருக்கலாம். ஆனால் மூன்று, நான்கு விநாடிக்கு ஒன்றாக வரும். ஆழமான நீரில் மூன்று விநாடி அலையின் நீளம் சுமார் 14 மீட்டர். நான்கு விநாடி அலைக்கு 25 மீட்டர். ஆறு, ஏழு மீட்டர் கண்ணாடியிழைப் படகு ஓர் அலையில் இறங்கி மூக்கைத் தூக்குவதற்குள் அடுத்தது வந்து மேலே ஏறிவிடும். தண்ணீர் உள்ளே வந்தால் படகு தாழும். தாழ்ந்தால் இன்னும் தண்ணீர் வரும்.

அலை எவ்வளவு செங்குத்தாகும் என்பதைக் காற்று மட்டும் தீர்மானிப்பதில்லை. அதில் பாதிப் பங்கு நீரோட்டத்துக்கு.

மலாக்கா நீரிணை வடக்கே அகன்று தெற்கே குறுகும் புனல் வடிவம். அந்தமான் கடலிலிருந்து உள்ளே வரும் ஓதம் போகப் போக நெருக்கப்பட்டு உயர்கிறது. அதனால்தான் கிள்ளான் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வேறுபாடு இவ்வளவு பெரிது. அமாவாசை, பௌர்ணமி நாட்களில் நான்கு மீட்டருக்கு மேல் போகும். பெரிய ஏற்றத்தின்போது வரைபட அடிமட்டத்திலிருந்து நீர்மட்டம் ஐந்து மீட்டரையும் தாண்டும். தீபகற்ப மலேசியாவில் எந்த மலையின் உயரத்தைச் சொன்னாலும் அது 1984 முதல் 1993 வரை கிள்ளான் துறைமுகத்தில் அளந்த சராசரிக் கடல்மட்டத்திலிருந்து எடுத்த கணக்கு. நாட்டுக்கே அளவுகோலாக இருக்கும் கடல், ஒரு நாளைக்கு இரண்டு முறை, சில நாட்களில் ஒரு மாடி உயரத்துக்கும் மேலாக, ஏறி இறங்குகிறது.

அது ஒரே சீராக இறங்குவதில்லை. பழைய மாலுமிகளின் கணக்கு ஒன்று இன்றும் உதவும். மொத்த வேறுபாட்டைப் பன்னிரண்டு பங்காக்குங்கள். முதல் மணி நேரத்தில் ஒரு பங்கு வடியும், இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று, ஐந்தாவதில் இரண்டு, ஆறாவதில் ஒன்று. நான்கு மீட்டர் வேறுபாடு என்றால் முதல் மணியில் முழங்காலுக்கும் குறைவாக, 33 சென்டிமீட்டர்தான் இறங்கியிருக்கும். தண்ணீர் அப்படியே இருக்கிறதே என்று தோன்றும். மூன்றாவது மணியில் முழுதாக ஒரு மீட்டர் போய்விடும், நான்காவதில் இன்னொரு மீட்டர். மோரிப் போன்ற சேற்றுக் கரையில் சரிவு மிகக் குறைவு. ஆயிரம் மீட்டருக்கு இரண்டு மீட்டர் சரிவு என்று வைத்தால், ஒரு மீட்டர் இறங்கும்போது கடல் அரைக் கிலோமீட்டர் பின்வாங்குகிறது. வரும்போது மிதந்து கடந்த இடத்தில் திரும்பும்போது படகு சேற்றில் உட்கார்ந்துவிடும்.

இந்தச் சேறு ஒரு படையெடுப்பையே தடுக்கப் பார்த்தது. 1945 செப்டம்பர் 9 அன்று, ஜப்பான் சரணடைந்த பிறகு, பிரிட்டிஷ் இந்தியப் படைகள் மோரிப் கரையில் இறங்கின. முன்பே தீட்டிய திட்டம். ஆப்பரேஷன் ஸிப்பர் என்று பெயர். மணல் போலத் தெரிந்த கரையின் அடியில் மென்மையான சேறு. இறங்கிய வாகனங்கள் பல நீரிலும் சேற்றிலும் சிக்கி நின்றன. எதிரியின் துப்பாக்கி அப்போது வாயை மூடியிருந்தது அந்தச் சிப்பாய்களின் நல்ல காலம். அவர்கள் இறங்கியதன் நினைவுச்சின்னம் மோரிப் கடற்கரையில் இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அடுத்த முறை போகும்போது வற்றம் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போய், கடல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பாருங்கள்.

இனி காற்று, ஓதம் என்ற இரண்டு கடிகாரங்களையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். இந்த அத்தியாயத்தில் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான். இந்தக் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றம் பெரும்பாலும் விடியலை ஒட்டியும் அந்தி நேரத்திலும் உச்சத்தைத் தொடுகிறது. சுமத்ரா விடியலுக்குச் சற்று முன்னே வந்தால் அது நிறைந்த கடலின்மேல் வருகிறது. அப்போது ஆபத்து கரையில் இருப்பவர்களுக்கு. மேற்குக் காற்று நீரை இன்னும் நிலத்தை நோக்கித் தள்ளும். அலை மண்கரைகளை அரிக்கும். கேரித் தீவின் தோட்டங்கள் இந்தக் கரைகளின் காவலில்தான் இருக்கின்றன. ஆற்றுமுகக் கம்பங்களில் வீட்டுக்குள் உப்புத்தண்ணீர் வருவதும் இப்படித்தான்.

அதே நாளில் காற்று இரண்டு, மூன்று மணி நேரம் தாமதித்து வந்தால் கதை மாறுகிறது. காலை எட்டு, ஒன்பது மணிக்கு வற்றம் தன் மூன்றாவது, நான்காவது மணியில் இருக்கும். லங்காட் ஆற்றின் நீரும் கழிமுகத்து நீரும் சேர்ந்து மேற்கே வேகமாக வெளியேறும். மேற்கிலிருந்து வரும் அலை அந்த நீரோட்டத்தை எதிர்த்து ஏற வேண்டும். எதிர்நீரோட்டத்தில் அலையின் நீளம் சுருங்கும், உயரம் கூடும். ஆழம் குறையக் குறைய அடியும் இடிக்கும். ஆழம் அலையின் உயரத்தைப்போல் ஒன்றேகால் மடங்கு அளவுக்குக் குறைந்ததும் அலை உடைந்து கவிழும். ஆற்றுமுகத்து மணல்மேட்டில் நடப்பது இதுதான். வீட்டுக்குப் போகும் வாசல் என்று நினைத்து ஓடிவருகிறவர், பின்னாலிருந்து வரும் அலையோடு, உடையும் நீருக்குள் நேராக நுழைகிறார். அந்த அலை படகின் பின்புறத்தைத் தூக்கி, மூக்கைக் கீழே அமுக்கி, பக்கவாட்டில் திருப்பிக் கவிழ்த்துவிடும்.

சுமத்ரா வரும்போது கரைக்கு ஓடாதீர்கள் என்று சொன்னால் பலரும் ஏற்க மாட்டார்கள். பயத்தில் மனம் கரையைத்தான் தேடும். ஆனால் காற்று வந்து சேரும் முன் ஆற்றுக்குள் நுழைந்துவிட முடியாது என்றால், ஆழமான நீரில் ஒன்று, ஒன்றரை மணி நேரம் தாக்குப்பிடிப்பதே மேல். சுமத்ராவின் ஒரே நல்ல குணம் அது நீண்ட நேரம் நிற்காதது. உயிர்காப்பு அங்கியைக் காற்று வருவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். ஆடும் படகில் அதன் வாரைப் பூட்டுவது எளிதல்ல. எல்லோரும் கீழே உட்கார வேண்டும். உருளக்கூடிய பொருள்களைக் கட்டிவிட வேண்டும். இயந்திரத்தை மெல்ல ஓட்டி, படகின் மூக்கை அலைக்கு நேராக வைக்காமல் சற்றே சாய்வாகப் பிடித்து ஏற வேண்டும். இயந்திரம் நின்றுவிட்டால் நங்கூரத்தை மூக்கிலிருந்து, நீளமான கயிற்றோடு இறக்க வேண்டும். சேற்றடியில் குறுகிய கயிறு பிடிக்காது. ஆழத்தைப்போல் ஐந்து, ஏழு மடங்கு கயிறு விட்டால்தான் நங்கூரம் படுத்துப் பிடிக்கும். பின்புறத்திலிருந்து நங்கூரம் போடவே கூடாது. அங்கேதான் இயந்திரத்தின் எடை இருக்கிறது. அங்கேதான் விளிம்பு தாழ்வு. படகு கவிழ்ந்தாலும் அதைப் பற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கரை பக்கத்தில்தான் என்று நீந்தப் புறப்பட்டவரைத் தேடுவது மிகவும் கடினம்.

மின்னலைப் பற்றி: மின்னலுக்கும் இடிக்கும் இடையே விநாடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர் வரும். முப்பது விநாடி என்றால் பத்து கிலோமீட்டர். மேலே சொன்ன வேகத்தில் அது 13 நிமிடத்தில் உங்கள் தலைக்குமேல். தூண்டில் கம்புகளையும் ஆன்டெனாவையும் மடக்கிவிட்டுத் தாழ உட்காருங்கள்.

கரைக்கு ஓட வேண்டாம் என்றேன். அதற்காக மேற்கே ஆழத்தைத் தேடி வெகுதூரம் போய்விடவும் கூடாது. அங்கே வேறோர் ஆபத்து. ஆண்டுக்கு 80,000-க்கும் மேற்பட்ட கப்பல்கள் இந்த நீரிணையைக் கடக்கின்றன. ஒரு பாகத் திட்டிலிருந்து சிங்கப்பூர் பக்கம் வரை அவற்றுக்குப் போக ஒரு தடம், வர ஒரு தடம் என்று பிரித்துவைத்திருக்கிறார்கள். 1998 டிசம்பரிலிருந்து 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களும் 50 மீட்டருக்கு மேல் நீளமான கப்பல்களும் கடந்துபோவதைக் கட்டாயமாக அறிவிக்க வேண்டும். கிள்ளானில் உள்ள கட்டுப்பாட்டு நிலையம் அவற்றைக் கண்காணிக்கிறது. பெரிய எண்ணெய்க் கப்பலின் அடிப்புறத்துக்கும் கடலடிக்கும் இடையே குறைந்தது மூன்றரை மீட்டர் நீர் இருக்க வேண்டும் என்பது விதி. மணல் திட்டுகளுக்கு நடுவே அது வழி விலகினால் தரைதட்டும். உங்களுக்காக ஒதுங்க அதற்கு இடமில்லை. 20 மீட்டருக்குக் குறைந்த படகு தடத்தில் போகும் கப்பலுக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்று பன்னாட்டு மோதல் தடுப்பு விதிகளின் பத்தாம் விதி சொல்வது இதனால்தான். கடந்தே ஆக வேண்டுமென்றால் தடத்துக்குச் செங்குத்தாக, குறைந்த நேரத்தில் கடக்க வேண்டும்.

கப்பலில் ராடார் இருக்கிறதே, நம்மைப் பார்க்காதா என்ற கேள்வி எழும். தெளிந்த வானிலையிலேயே கண்ணாடியிழையும் மரமும் ராடார் அலையைச் சரியாகத் திருப்பி அனுப்புவதில்லை. மழையில் நிலைமை மோசம். கப்பல்களில் பொதுவாக இரண்டு வகை ராடார்: ஒன்று 3 சென்டிமீட்டர் அலை, மற்றது 10 சென்டிமீட்டர். மழைத்துளி போன்ற சிறு பொருளிலிருந்து சிதறி வரும் அலை, அலைநீளத்தின் நான்காம் படிக்கு எதிர்விகிதத்தில் அமையும். அதனால் 3 சென்டிமீட்டர் ராடாரில் மழை நூறு மடங்குக்கு மேல் பிரகாசமாகத் தெரியும். திரை முழுக்க மழை. அதற்குள் உங்கள் படகு ஒரு புள்ளி. மழையின் பிம்பத்தைக் குறைக்க அதிகாரி குமிழைத் திருப்பினால் அந்தப் புள்ளியும் சேர்ந்து மறையலாம். ஒன்றுக்கொன்று செங்குத்தாகப் பொருத்திய மூன்று அலுமினியத் தகடுகளாலான ஒரு பிரதிபலிப்பான், எந்தத் திசையிலிருந்து வரும் அலையையும் வந்த வழியே திருப்பி அனுப்பும். அதைக் கம்பத்தில் உயரமாகக் கட்டினால் அந்தப் புள்ளி கண்ணில் படும் அளவுக்குப் பெரிதாகும். மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் இதை நான் பார்த்த சிறு படகுகளில் மிகச் சிலவே வைத்திருக்கின்றன என்பது வருத்தமானது. கப்பலின் மேல்தளத்திலிருந்து பார்ப்பவருக்கு மூக்குக்கு முன்னால் 500 மீட்டர் வரை கடல் மறைந்திருக்கலாம் என்று விதியே அனுமதிக்கிறது. அந்த நிழலுக்குள் போய்விட்டால் விளக்கைக் காட்டியும் பயனில்லை.

1992 ஆகஸ்ட் 23 அதிகாலையில் ராயல் பசிஃபிக் என்ற பயணிகள் கப்பல் இதே நீரிணையில் ஒரு தைவான் மீன்பிடிக் கப்பலோடு மோதி மூழ்கியது. அப்போது சேதம் பெரிய கப்பலுக்குத்தான். ஆனால் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை.

படகில் எத்தனை பேர் என்பதும் ஓர் அறிவியல் கேள்வி. 2014 ஜூன் 18 நள்ளிரவுக்குப் பிறகு, கேரித் தீவுக் கடலில், 97 இந்தோனேசியரை ஏற்றிச் சென்ற மரப்படகு கவிழ்ந்தது. அவர்களில் பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். ரமலானுக்கு முன் ஊர் போய்ச் சேர நினைத்தவர்கள். அதிகாரிகள் அளவுக்கு மீறிய பாரத்தைக் காரணமாகச் சொன்னார்கள். பாரம் கூடக் கூட விளிம்புக்கும் நீருக்கும் உள்ள இடைவெளி குறைகிறது. நிற்கும் ஆட்களால் எடையின் மையம் மேலே போகிறது. ஒருபக்கம் சாய்ந்தால் எல்லோரும் அந்தப் பக்கமே சரிகிறார்கள். அமைதியான இரவில்கூட அந்தப் படகு தாங்காது. நாம் தோட்டத்துக்கும் தொழிற்சாலைக்கும் வரவழைத்த மனிதர்கள் அவர்கள். அவர்கள் போன வழி சட்டத்துக்குப் புறம்பானது என்பதால் அங்கே நேர்ந்த மரணங்களிலிருந்து பாடம் படிக்க மறுப்பது நியாயமல்ல.

எச்சரிக்கைகளைப் படிக்கத் தெரிந்துகொள்வது அடுத்தது. மலேசிய வானிலை ஆய்வுத் துறை பலத்த காற்றுக்கும் கொந்தளிப்பான கடலுக்கும் மூன்று படிநிலைகளில் எச்சரிக்கை விடுக்கிறது. முதல் நிலையில் காற்று மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர், அலை மூன்றரை மீட்டர் வரை. சிறு படகுகளுக்கு ஆபத்து. இரண்டாம் நிலை 60 கிலோமீட்டர் வரை, அலை நாலரை மீட்டர். மூன்றாம் நிலை அதற்கும் மேல். இவை முக்கியமாகத் தென்சீனக் கடலின் பருவமழைக் காலத்துக்குப் பொருந்தும் அளவுகள். சுமத்ரா வருகிற இரவில் இந்த மூன்றில் ஒன்றுகூட அமலில் இல்லாமல் இருக்கலாம். அதைச் சொல்வது இடிமழை எச்சரிக்கை. சில மணி நேரத்துக்கே செல்லுபடியாகும் இந்த எச்சரிக்கை துறையின் 'மைச்சுவாச்சா' செயலியில் வரும். ராடார் படத்தையும் பார்க்கலாம். நள்ளிரவில் நீரிணையின்மேல் வடக்கு தெற்காக நீண்ட ஒரு பட்டை தெரிந்தால் வேறு விளக்கம் தேவையில்லை. ஆனால் கரையிலிருந்து வெகுதூரம் போனால் கைப்பேசிக்கு அலைவரிசை கிடைக்காது. ஆகையால் கிளம்பும் முன் பார்க்க வேண்டும். பக்கத்தில் ஓத அட்டவணையை விரித்துவைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். அந்த அட்டவணையைத் தயாரிக்கும் கடற்படையின் தேசிய நீர்நிலவரைவு மையம் பக்கத்திலுள்ள இண்டா தீவிலேயே இருக்கிறது. வற்றத்தின் மூன்றாவது, நான்காவது மணியில் ஆற்றுமுகத்தைத் தாண்டும்படி உங்கள் திரும்பும் நேரம் அமைந்தால், அன்று மேற்கே மின்னல் இருக்கிறதோ இல்லையோ, நேரத்தை மாற்றுங்கள்.

வீட்டில் இருப்பவரின் பங்கு இதில் பெரிது. கடலுக்குப் போகிறவர் எந்த ஜெட்டியிலிருந்து, எந்தத் திசையில், யாரோடு போகிறார், படகின் நிறம் என்ன, எத்தனை மணிக்குத் திரும்புவார் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகட்டும். சொன்ன நேரத்துக்குமேல் இரண்டு மணி நேரம் ஆகியும் வரவில்லை, தொலைபேசியிலும் கிடைக்கவில்லை என்றால் 999-ஐ அழைத்துக் கடல்சார் அமலாக்க நிறுவனத்துக்குத் தெரிவிக்கச் சொல்லுங்கள். சற்றுப் பொறுத்துப் பார்ப்போமே என்று மாமனாரோ மச்சானோ சொல்லக்கூடும். நீரோட்டம் இரண்டு நாட் வேகத்தில் ஓடினால், இயந்திரம் நின்ற படகு ஒவ்வொரு மணிக்கும் ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் நகர்ந்துவிடும். தேட வேண்டிய பரப்பு ஒன்றுக்கு நான்காக, நான்குக்கு ஒன்பதாக விரியும். கடலில் இருப்பவரிடம் விஎச்எஃப் வானொலி இருந்தால் 16-ஆம் அலைவரிசையில் முதலில் சொல்ல வேண்டியது தான் இருக்கும் இடம். பேச்சு பாதியில் அறுந்தாலும் அது மட்டும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அதன் பிறகு எத்தனை பேர், என்ன ஆயிற்று என்பதைச் சொல்லலாம்.